இரண்டாவது கிளைக்கு ஓர் இடம்

அருணா டீயை நின்றுகொண்டேதான் குடிப்பாள். குடித்து முடிப்பதற்குள் இரண்டு முறை வாசலுக்குப் போய் வந்திருப்பாள், மேஜையை ஒரு முறை துடைத்திருப்பாள், யாராவது ஒருவரின் கையை மடக்கச் சொல்லி நரம்பு தேடியிருப்பாள். போடிநாயக்கனூர் பழைய ஆஸ்பத்திரித் தெருவில் 'அருணா லேப்' என்று ஒரு ரத்தப் பரிசோதனைக் கடையை ஒன்பது வருடமாக நடத்தி வருகிறாள். அங்கே அவளுக்கென்று ஒரு சுழல் நாற்காலி உண்டு. அதில் பெரும்பாலும் அவளுடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கும்.

"எங்கக்காவுக்கு நாற்காலி வாங்குனது தண்டம்" என்பாள் ரோஜா. ரோஜா ஆறு வருடமாக அங்கே ரத்தம் எடுக்கிறவள். இரண்டு பிள்ளைக்காரி. முகத்தில் சிரிப்பே இல்லாமல் பேசி அடுத்தவரைச் சிரிக்க வைப்பவள்.

நாற்பத்தொரு வயது மனுஷி இப்படிக் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைவதற்கு ஒரு கதை இருக்கிறது. அருணா பொட்டிபுரத்துக்காரி. அப்பாவுக்கு இரண்டு ஏக்கரில் மக்காச்சோளமும் தக்காளியும். பன்னிரண்டாவது முடித்ததும் மதுரையில் இரண்டு வருடம் லேப் படிப்பு படித்தாள். பிறகு தேனியில் ஒரு பெரிய பரிசோதனை நிலையத்தில் பதினொரு வருடம் வேலை. அங்கே ரிப்போர்ட்டின் தலைப்பில் முதலாளி பெயர் இருக்கும், அடியில் டாக்டர் கையெழுத்து இருக்கும். நடுவில் இருந்த எண்கள் மட்டும் இவளுடையவை. வருகிறவர்கள் எல்லாம், "வலிக்காம ஊசி போடுமே அந்தக் கருத்த பொண்ணு, அது இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். பதினொரு வருடத்தில் அவள் பெயர் என்ன என்று கேட்டவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

அதனால்தான் சொந்தக் கடை போட்டபோது முதலில் வாங்கியது மிஷின் அல்ல, பெயர்ப்பலகை. தன் பெயரை அவ்வளவு பெரிதாக எழுதிப் பார்த்தது அதுவே முதல் தடவை. ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாள், இந்தப் பக்கம் வந்து பார்த்தாள், ஸ்கூட்டரில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தும் பார்த்தாள். அவளைக் குறை சொல்லி என்ன, அந்தப் பதினொரு வருடத்துக்கு அது போதாது.

இவ்வளவும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன ஐப்பசியில் கழுத்தில் அட்டை தொங்க ஓர் ஆள் வந்தார். நகரத்துக் கம்பெனி ஒன்று தேனி ரோட்டில் ஏசி போட்ட லேப் திறக்கப்போகிறதாம். அருணா லேப் அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். ரத்தம் எடுத்து அனுப்பினால் போதும், பரிசோதனையெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பலகை அவர்களுடையது.

"உங்க பேரக் கீழ சின்னதாப் போட்டுக்கலாம் மேடம்" என்றார் அவர் பெருந்தன்மையாக.

அருணா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டு, அவர் கை வைத்திருந்த மேஜையை மூன்று முறை துடைத்தாள். ஆனால் அவள் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. கம்பெனிக்காரன் விலையைக் குறைத்து அடித்தால் ஒற்றைக் கடை ஒரு வருடம் தாங்காது. இரண்டு இடத்திலிருந்து ரத்தம் வந்தால்தான் மிஷினுக்குக் கட்டுபடியாகும், அவளும் நிற்க முடியும்.

"வைகாசிக்குள்ள ரெண்டாவது எடம் ஓடணும்ங்க. ஓடலேன்னா அந்தாளுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, மறுபடியும் அடுத்தவன் பலகைக்குக் கீழ உக்கார வேண்டியதுதான்" என்று புருஷனிடம் சொன்னாள்.

புருஷன் தங்கபாண்டி ஜீப்புக்காரர். விடிவதற்கு முன்னால் ஏலத்தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறி, சாயங்காலம் இறக்கிவிடுவது அவர் தொழில். அவசரம் என்பதே தெரியாத மனுஷர். இந்த இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை.

"நீ உக்கார மாட்ட. நின்னுக்கிட்டுத்தான் இருப்ப" என்றார் அவர்.

இடம் தேடுவதில் அருணா அலைந்த அலைச்சலை எழுதினால் தனிப் புத்தகமாகும். தேனி ரோட்டைப் பார்த்தாள். அங்கே ஏற்கெனவே ஏழு லேப். ஜீப் ஸ்டாண்டைப் பார்த்தாள். காலையில் கூட்டம் அம்முகிறது, ஆனால் எல்லாரும் தூக்குவாளியோடு ஓடுகிறார்கள், ஒருத்திகூட நிற்கவில்லை. கடைசியில் தன் ரிஜிஸ்டரையே எடுத்துவைத்துக்கொண்டு, வந்தவர்கள் எந்த ஊர் என்று ஊர் ஊராகப் பிரித்தாள். போடிக்கு வெளியே இருந்து வந்தவர்களில் பக்கத்து ஊரான சிலமலைக்காரர்கள்தான் அதிகம். அதிலும் பெண்கள். மூன்று பேரில் ஒருத்தி சிலமலை.

அவளுக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. இத்தனை பேர் பஸ் ஏறித் தன்னைத் தேடி வருகிறார்களே, அவர்கள் வாசலிலேயே போய் நின்றால் எத்தனை பேர் வருவார்கள். இந்தக் கணக்கில் என்ன பிழை இருக்க முடியும்?

பதினோரு தடவை சிலமலைக்குப் போனாள். காலையில் ஒரு நாள், உச்சி வெயிலில் ஒரு நாள், பொழுது சாய ஒரு நாள் என்று ஆள் எண்ணினாள். ஊர் நடுவில், பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே, டீக்கடையை ஒட்டினாற்போல மொக்கையன் என்பவர் புதிதாக ஒரு கடை கட்டிப் போட்டிருந்தார். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கண்ணில் படும். அதைவிடத் தோதான இடம் அந்த ஊரில் கிடையாது. அதை வாடகைக்குப் பிடித்து எட்டடியில் பலகை அடித்தாள், உள்ளே விளக்கு எரிகிற மாதிரி.

"பஸ்சுல போறவன் கூட ஒம் பேரப் படிச்சுட்டுப் போவான் தாயி" என்றார் மொக்கையன்.

தங்கபாண்டி மட்டும் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "எல்லாம் சரி. வாசல்ல பூராம் ஆம்பளையாவுல்ல உக்காந்திருக்கான்."

"ஏன், ஆம்பளைக்குச் சர்க்கரை வராதா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டாள்.

தை மாதம் திறப்பு விழா. அன்று இலவசச் சர்க்கரைப் பரிசோதனை. டீக்கடைப் பெஞ்சு மொத்தமும் எழுந்து வந்து விரலை நீட்டியது. "எனக்கு இருநூத்திப் பத்துடா", "போடா, எனக்கு இருநூத்தி நாப்பது" என்று ஏதோ ஜல்லிக்கட்டில் மாடு பிடித்த மாதிரிப் பெருமை பேசிக்கொண்டார்கள். பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்தாற்போல வந்து, சேர்ந்தாற்போலவே போனார்கள். நூற்று நாற்பது பேர். அருணா அன்று சாப்பிடவே மறந்துபோனாள்.

மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் ஒருவர். அப்புறம் அந்தக் கடை வெறிச்சோடியது.

ரோஜாவைத்தான் அங்கே உட்கார வைத்திருந்தாள். சாயங்காலம் போன் போட்டுக் கேட்பாள். "இன்னைக்கு ஒருத்தர் வந்தார்க்கா" என்பாள் ரோஜா. அருணா ஆவலாக, "என்ன டெஸ்டு?" என்பாள். "ஐந்நூறுக்குச் சில்லறை இருக்கான்னு கேட்டார்."

தை போய் மாசியும் பாதி போயிற்று. அருணாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் போடியில் நாலு பேருக்கு ரத்தம் எடுத்துவிட்டு ஸ்கூட்டரை முடுக்கிக்கொண்டு சிலமலைக்கு ஓடுவாள். நாற்காலியைக் கிழக்கே போட்டுப் பார்த்தாள், மேற்கே போட்டுப் பார்த்தாள். நோட்டீஸ் அடித்தாள், ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னாள், விலையைக் குறைத்தாள். யாரோ கண்ணேறு என்றார்கள், பூசணிக்காய் உடைத்தாள். பூசணிக்காயில் டீக்கடைக்காரர் மாடு வயிறு நிறைந்ததுதான் மிச்சம்.

இதில் எரிச்சலான விஷயம் என்னவென்றால், சிலமலைப் பெண்கள் வருவது நிற்கவில்லை. போடிக் கடைக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒரு புதன்கிழமை குருவம்மாள் வந்து நின்றாள். அவள் வீடு சிலமலைக் கிளைக்கு நாலே வீடு தள்ளி. எட்டடிப் பலகைக்குக் கீழே நின்று பஸ் ஏறி, போடியில் இறங்கி, படியேறி வந்து கையை நீட்டுகிறாள்.

அருணாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏ அத்தை, ஒங்க வீட்டுக்குப் பக்கத்துலதான கடை வச்சிருக்கேன். இம்புட்டுத் தூரம் எதுக்கு வர்றீக?"

"தூரமென்ன தாயி, பொம்பளைகளுக்குப் பஸ்சு சும்மாதான. இங்கன ஒரு சோலி இருந்துச்சு. அப்படியே வந்தேன்."

"சரி, ரிப்போர்ட்ட நாளைக்கு அங்கனயே குடுத்துவிடச் சொல்றேன். ரோஜா வீட்டுல கொண்டாந்து தருவா."

குருவம்மாளின் முகம் மாறிவிட்டது. "அங்கெல்லாம் குடுத்து விட்றாத ஆத்தா. நானே வந்து வாங்கிக்கிறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு வெரசாக இறங்கிப் போய்விட்டாள்.

அருணா யோசித்தாள். யோசித்துத் தப்பாகப் புரிந்துகொண்டாள். ரோஜாவின் கையை ஜனங்கள் நம்பவில்லை என்று முடிவு கட்டி, சிலமலைக்குப் போய் அவளைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். முகம் கொடுத்துப் பேசுவதில்லையா, ஊசி வலிக்கிறதா, யாரையாவது எடுத்தெறிந்து பேசினாயா என்று ஒரே விசாரணை. எதற்கும் சிரிக்காத ரோஜா அன்றைக்கு அழுதாள்.

"வந்தாத்தானக்கா எடுத்தெறிஞ்சு பேசுறதுக்கு" என்றாள்.

பங்குனி பிறந்தது. அந்த வாரத்தில்தான் ஒரு நாள் குளிக்கும்போது அருணாவின் கையில் அது தட்டுப்பட்டது. இடது மார்பில், கடலைப் பருப்பு அளவுக்கு. எத்தனை பேருடைய ரிப்போர்ட்டைத் தன் கையால் அடித்திருப்பாள், எத்தனை பேருக்குத் தைரியம் சொல்லியிருப்பாள். அவள் பயந்துபோனாள். இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் தங்கபாண்டியிடம், "தேனிக்குப் போயிட்டு வர்றேங்க, பிள்ளைக்குச் சுடிதார் எடுக்கணும்" என்றாள்.

"ஏன், போடியில சுடிதார் விக்கிறத நிப்பாட்டிட்டாங்களா?"

"தேனியிலதான் புது டிசைன் வந்திருக்காம்."

போடியிலேயே ஸ்கேன் சென்டர் இருக்கிறது. அருணா லேப்பிலிருந்து மூன்று தெரு தள்ளி. நல்ல மிஷின், நல்ல டாக்டர். அங்கே வருகிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டுமென்றால் இவளிடம்தான் அனுப்புவார்கள். இவளும் எத்தனையோ பேரை அங்கே அனுப்பியிருக்கிறாள். ஆனால் தன் உடம்பென்று வந்ததும் அந்தத் தெருப் பக்கமே அவள் கால் போகவில்லை. அங்கே போனால் வாசலில் இருக்கிறவளுக்குத் தெரியும், அவள் மாமியாருக்குத் தெரியும், மறுநாள் ஆஸ்பத்திரித் தெருவுக்கே தெரியும்.

தேனியில் இறங்கியதும் நேரே ஸ்கேனுக்குப் போகவில்லை. முதலில் துணிக்கடைக்குப் போய் நிஜமாகவே ஒரு சுடிதார் எடுத்தாள். நிறம் கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் ஸ்கேன் சென்டர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பெயர் கேட்டபோது மாமியார் பெயரைச் சொன்னாள்.

பக்கத்தில் ஒருத்தி துப்பட்டாவை முகம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மின்விசிறிக் காற்றில் துப்பட்டா விலகியது. காளீஸ்வரி. போடி ஸ்கேன் சென்டரில், வாசல் மேஜையில் உட்கார்ந்து பேர் எழுதுகிற அதே காளீஸ்வரி.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒளிய இடமில்லை.

"அக்கா, எங்க இந்தப் பக்கம்?"

"பிள்ளைக்குச் சுடிதார் எடுக்க வந்தேன். வெயில் தாங்கல, கொஞ்சம் உக்காந்தேன்" என்று பையைத் தூக்கிக் காட்டினாள் அருணா. "நீ?"

"எங்க சின்னத்தைக்கு ரிப்போர்ட்டு வாங்க வந்தேங்க்கா." அவளும் ஒரு பையைத் தூக்கிக் காட்டினாள். அதில் வளையல் டப்பா இருந்தது.

அதற்கப்புறம் இரண்டு பேரும் எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து காளீஸ்வரியின் சின்னத்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். காளீஸ்வரியேதான் எழுந்து உள்ளே போனாள்.

அருணாவுக்கு அது வெறும் நீர்க்கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும் என்று டாக்டரம்மா சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். உயிர் திரும்பி வந்த அழுகை. கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தபோது மடியில் இருந்த பை தெரிந்தது. இதை எதற்கு முதலில் வாங்கினோம் என்று தோன்றியது. யாராவது பார்த்தால் காட்டுவதற்கு. அவ்வளவுதான் பதில்.

குருவம்மாளும் அன்றைக்குக் கையில் ஒரு பையோடுதான் வந்தாள்.

அருணாவுக்குச் சட்டென்று எழுந்து நின்றுவிட வேண்டும் போலிருந்தது. ஓடுகிற பஸ்ஸில் நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டாள். கண்டக்டர், "எங்கம்மா எறங்கணும்?" என்றார். சிலமலைக்காரி தன்னைத் தேடிப் போடிக்கு வரவில்லை. சிலமலையை விட்டுத் தள்ளி இருக்கிறது என்பதற்காகத்தான் வந்தாள். ரத்தம் கொடுத்தாள் என்று தெரிந்தால் என்ன வியாதி என்று கேட்பார்கள். மகள் இருந்தால் மகளுக்கு மாப்பிள்ளை வருவது நிற்கும். மருமகள் என்றால் மாமியார் வாய் திறக்கும். இத்தனையும் தெரிந்த ஊரில், டீக்கடைப் பெஞ்சுக்கு நேர் எதிரே, எட்டடி வெளிச்சத்துக்குக் கீழே கடை போட்டு, வா என்று கூப்பிட்டிருக்கிறாள். ஆம்பளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று புருஷன் சொன்னபோது அவர் வாயை அடைத்த புத்திசாலித்தனத்தை நினைத்துத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் முதல் வேலையாக ரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். இரண்டாவது வேலையாக, "நீ போடிக் கடைக்கே வந்துரு. இனிமே வர்ற பொம்பளைக எந்த ஊருன்னு எழுதறதோட, கையில என்ன பை வச்சிருக்காகன்னும் எழுது" என்றாள்.

ரோஜா சிரிக்காமல் கேட்டாள். "அக்கா, ஒங்களுக்கு ஒரு டெஸ்டு எடுத்துருவோமா?"

பன்னிரண்டு நாள் எழுதினார்கள். வெறுங்கையோடு வந்த பெண்கள் நாலே பேர். மற்ற எல்லார் கையிலும் பை. எண்ணெய்க் கடைப் பை கொஞ்சம், பாத்திரக்கடைப் பை கொஞ்சம். பாதிக்கு மேல் ஒரே பச்சைப் பை. ஜீப் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் சுந்தரம்மாள் நடத்துகிற மேட்சிங் கடைப் பை. சேலைக்கு ஏற்ற ஜாக்கெட் துணி, உள்பாவாடை, சேலைக்கு ஃபால்ஸ் தைப்பது, ஓரம் அடிப்பது. ஒரு சேலையைக் கொடுத்தால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த அரை மணி நேரம் எங்கே போனாய் என்று எந்த வீட்டிலும் கேட்பதில்லை.

தங்கபாண்டியிடம் கேட்டாள். "ஞாயித்துக்கிழம மலையிலருந்து எறக்கி விட்டாப் போதும், பாதிப் பேரு அந்தச் சந்துக்குள்ளதான் போவாளுக. கூப்பிடக் கூப்பிட வரமாட்டாளுக. மலை மேலயே தங்கி வேலை பாக்குற பொம்பளைகளுக்கு வாரத்துல அந்த ஒரு பொழுதுதான்" என்றார் அவர். பிறகு நிதானமாக, "அதுல முக்காவாசிப் பேரு ஊசி கையில ஏறிப் பாத்திருக்க மாட்டா. கால்ல புண்ணு வந்து ஆறாமக் கெடப்பா, ஏலத்தட்டை குத்துனதும்பா" என்றும் சொன்னார்.

அன்று மத்தியானமே சுந்தரம்மாளிடம் போய்விட்டாள். ஐம்பது வயதுக்காரி. துணியைக் கிழிக்கிற வேகத்திலேயே பேசுவாள். கடைக்குப் பின்னால் உள்பாவாடைக் கட்டுகள் அடுக்கி வைக்கிற ஓர் அறை இருந்தது. தண்ணீர்க் குழாய் உண்டு, வெளிச்சம் உண்டு, ஒரு திரைச்சீலை போட்டால் போதும்.

சுந்தரம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "தர்றேன். எனக்கும் யாவாரம் கூடும். ஆனா ஒண்ணு. வாசல்ல பலகை வைக்கக் கூடாது."

"பலகை இல்லாம லேப்பா? என்னக்கா சொல்றீக?"

"ஏங் கடைக்குள்ள வர்ற பொம்பள மேட்சிங் வாங்கத்தான் வர்றான்னு ஊரு நம்பணும். அருணா லேப்புன்னு வெளிய எழுதி வச்சா, மேட்சிங் வாங்க வர்றவளும் வரமாட்டா. ஒனக்கும் வரமாட்டா, எனக்கும் வரமாட்டா. ஒங் கவர்மெண்டு சர்டிபிகேட்ட உள்ள மாட்டிக்க. தெருவுல ஒரு எழுத்து இருக்கக் கூடாது."

அருணா விருட்டென்று வெளியே வந்தாள். கோபத்தில் ஸ்கூட்டரைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு வீடு வரை நடந்தே போய்விட்டாள். தங்கபாண்டிதான் போய் எடுத்து வந்தார்.

"அவ சொல்றது எனக்குத் தெரியாமயா? தெரிஞ்சுதான எரியுது" என்று கூடத்துக்கும் சமையற்கட்டுக்குமாக நடந்தாள். "அடுத்தவன் பலகைக்குக் கீழ உக்காரக் கூடாதுன்னுதான இம்புட்டும். இப்ப உள்பாவாடைக்குப் பின்னால போய் உக்காரச் சொல்றா."

"அப்ப கம்பெனிக்காரனுக்குக் கையெழுத்துப் போட்டுரு. அதுல ஒம் பேரு சின்னதாவாச்சும் வெளிய இருக்கும்ல" என்றார் தங்கபாண்டி. அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னார்.

அவள் நடையை நிறுத்தினாள். கம்பெனிக்காரனிடம் போனால் வெளியே பெயர் இருக்கும், உள்ளே எண்கள் தன்னுடையவை அல்ல. சந்துக்குள் போனால் எண்கள் தன்னுடையவை, ரிப்போர்ட்டின் தலைப்பில் தன் பெயர் இருக்கும், தெருவில் மட்டும் இருக்காது. தெருவில் இல்லாவிட்டால் போகட்டும், காகிதத்தில் இருக்குமே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அந்தத் தேறுதலை முழுசாக நம்பினாள் என்று சொல்ல முடியாது.

சித்திரையில் சிலமலைக் கடையைக் காலி செய்தார்கள். பலகையை இறக்கி ஜீப்பின் மேல் வைத்துக் கட்டும்போது மொக்கையன், "இம்புட்டு நல்ல எடத்த யாராவது விடுவாகளா தாயி?" என்று கடைசி வரை ஆற்றாமையோடு கேட்டுக்கொண்டிருந்தார். டீக்கடைப் பெஞ்சும் அதையேதான் கேட்டது.

சந்துக்குள் திறப்பு விழா இல்லை, நோட்டீஸ் இல்லை. ரோஜா தன் பங்குக்கு இரண்டு பெண்களிடம் சொன்னாள், சுந்தரம்மாள் நாலு பேரிடம் சொன்னாள். முதல் ஞாயிறு ஒன்பது பேர். அடுத்த ஞாயிறு பதினேழு. வைகாசி முதல் வாரம் முப்பத்திரண்டு பேர். சிலமலைப் பக்கமிருந்து குருவம்மாள் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆனால் வந்தவர்களில் பெரும்பாலும் மலையிலிருந்து இறங்கியவர்கள்தான். அருணா திரைச்சீலைக்குள்ளும் வெளியிலுமாக ஓடிக்கொண்டிருந்தாள். கம்பெனி ஆள் போன் செய்தபோது, "வேணாங்க, எனக்கு ரெண்டாவது எடம் அமைஞ்சுருச்சு" என்றாள்.

"எங்க மேடம்? பார்க்கவே இல்லையே" என்றார் அவர்.

"பாக்க முடியாதுங்க" என்று போனை வைத்துவிட்டாள். அன்று அவளுக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

அந்த வாரக் கடைசியில்தான் பெரியம்மாள் என்றொரு கிழவி வந்தாள். மலையில் முப்பது வருடம் ஏலப்பழம் எடுத்தவள். கூன் விழுந்த முதுகு, காலில் துணிக் கட்டு. வலது கையில் பச்சைப் பை, அதில் ஒரு ஜாக்கெட் துணி. வாழ்க்கையில் முதல் ஊசி. நரம்பு கிடைக்கவில்லை. அருணா தானே உட்கார்ந்து தடவித் தடவி எடுத்தாள்.

சர்க்கரை பார்க்கிற சின்ன மிஷினில் முந்நூற்றுப் பன்னிரண்டு.

அருணா பதமாகச் சொன்னாள். புண் ஏன் ஆறவில்லை என்று சொன்னாள். அடுத்த ஞாயிறு போடியில் தனக்குத் தெரிந்த டாக்டரம்மாவிடம் தானே கூட்டிப்போவதாகச் சொன்னாள். டாக்டரம்மாவுக்கு இன்றைக்கே போனில் சொல்லிவிடுவதாகவும் சொன்னாள். தலைப்பில் தன் பெயர் அச்சடித்த துண்டுச் சீட்டில் எண்ணைப் பேனாவால் எழுதி நீட்டினாள்.

பெரியம்மாள் அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எழுத்து தெரியாது. ஆனால் மேலே இருந்த பெரிய நீல எழுத்துகளையும், கீழே இருந்த பேனா எழுத்தையும் அவள் விரல் பிரித்துக் காட்டியது.

"மேல இருக்கது என்ன தாயி?"

"அது என் பேரு. கடைப் பேரு."

"தோட்டத்துக் கங்காணி இந்தப் பையப் பாப்பான். மகனும் படிப்பான். சக்கரைன்னு தெரிஞ்சா ஜீப்புல ஏத்தமாட்டாக, வீட்டுல ஒக்காத்தி வச்சிருவாக. இந்தக் கீழ இருக்கத மட்டும் குடேன். ஏதோ துணிக்கணக்குன்னு சொல்லிக்குவேன்."

ரோஜா திரைச்சீலையைப் பிடித்தபடி அருணாவைப் பார்த்தாள். அருணா சீட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். பதினொரு வருடம் பெயரில்லாமல் இருந்தது, ஒன்பது வருடம் பெயரோடு இருந்தது, தெருவில் போனாலும் காகிதத்தில் இருக்குமே என்று தேற்றிக்கொண்டது எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. வலித்தது. அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. பெரியம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சங்கட்டமா இருந்தா வேணாம் தாயி" என்றாள்.

"சங்கட்டமெல்லாம் இல்லத்தா" என்றாள் அருணா. சுந்தரம்மாளிடம் கத்திரியை வாங்கி, துணி வெட்டுவது போல நேராக, தன் பெயருக்குக் கீழே வெட்டினாள். எண் மட்டும் இருந்த சிறு சீட்டைப் பெரியம்மாளின் கையில் கொடுத்து, அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள்.

பெரியம்மாள் அதை ஜாக்கெட் துணிக்குள் மடித்து வைத்துக்கொண்டு ஜீப்பைப் பார்த்து நடந்தாள். அருணா மேஜை மேல் இருந்த சீட்டுக் கட்டை அப்படியே எடுத்து, மொத்தத்தையும் ஒன்றாக வைத்து, தலைப்பை வெட்ட ஆரம்பித்தாள்.